மேனேஜரின் துடுப்பைக் கடித்தது யார்?

மீன் கடை நடத்தும் பிள்ளைகளே, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ 'குரு' என்று போட்டு, கூடவே ஒரு மீன் படத்தையும் ஒட்டியிருக்கிறீர்கள். முதலில் அதை எடுத்துவிடுங்கள். பாடாங் செராயில் இருபத்தெட்டு வருஷம் வண்ண மீன் கடை வைத்திருந்தவன் நான், அது உண்மைதான். அந்த இருபத்தெட்டு வருஷத்தில் மீன்கள் கடித்துச் செத்த மீன்களைவிட என் யோசனையைக் கேட்டுச் செத்த மீன்கள் அதிகமாக இருக்கும். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வாரத்துக்கு ஒரு வீடியோவாவது அனுப்புகிறீர்கள். ஏதோ ஒரு வீட்டு ஹாலில் தொட்டி, பல ஜாதி மீன்கள் ஒன்றாக இருக்கின்றன, ஒன்று இன்னொன்றை ஓட ஓட விரட்டுகிறது, வீட்டுக்காரர் பின்னால் நின்று புலம்புகிறார். கீழே உங்கள் கேள்வி: "அண்ணே, இதுல எதைப் புடிச்சி வெளிய போடணும்?" ஆரம்பத்தில் நானும் 'அந்தக் கோடு போட்டது' என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விடுவேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. இதே கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வீட்டையே பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். அதைச் சொல்லிவிடுகிறேன். குரு பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்கு மீன் கொடுத்துக்கொண்டிருந்த மொத்த வியாபாரி ஒரு சீன முதலாளி; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களின் லய வீடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். என் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நான் கடை திறந்த அன்று தொட்டிகளை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "வீட்டுக்குக் கூப்பிட்டா போ. ஆனா வலையை வேன்லயே வச்சிட்டு போ லா. கையில வலை இருந்தா எதையாச்சும் புடிக்கத்தான் தோணும்."

பெரிய மனிதர் சொல்கிறாரே என்று தலையாட்டினேன். அதோடு சரி. எனக்கு அந்த வலைதான் மரியாதை. நீளமான கைப்பிடி, பச்சை நிற வலை. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, அதைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்குவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்க வேண்டுமே. பார்த்தார்கள். பாம்பு பிடிக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தார்களாம். அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கடையை மூடுவதற்கு முந்தின வருஷம், புரட்டாசி இரண்டாவது வாரம். நம் வீடுகளில் அந்த மாதம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாதம் முழுக்கச் சைவம், வீட்டுக்குள் முட்டை வாசனைகூட வரக்கூடாது. முதல் வாரம் நான் நெற்றி நிறைய நாமத்தோடு பக்திமானாக இருப்பேன். இரண்டாவது வாரம் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன். சோயாவில் செய்த மட்டனைத் தட்டில் பார்த்தால் எனக்கு அழுகை வரும். இந்த மாதம் கடைக்கு ஆள் வராததற்குப் பெருமாள் காரணமில்லை, என் மூஞ்சிதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கோபத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் புத்தி வேலை செய்யவில்லை.

அப்போதுதான் கூலிமிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். என் பழைய வாடிக்கையாளரின் மனைவி. அந்த அண்ணன் கூலிம் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஹாலில் நாலடித் தொட்டி வைத்து, ஒவ்வொரு மீனுக்கும் தன் லைனில் வேலை செய்த ஒருவரின் பெயரை வைத்தார். கோடு போட்ட டைகர் பார்ப் எட்டு; அவைதான் ஷிப்ட்டு ஆட்கள். அதில் பெரியது சுப்பையா, வேகமானது நோர்மா, மெலிந்தது குணா. உள்ளங்கை அகலத்தில் வெள்ளியாய், நீளத் துடுப்பைத் தொங்கவிட்டபடி, எந்த வேலையும் செய்யாமல் நடுவில் மெதுவாகப் போய் வருகிற ஏஞ்சல் மீனுக்கு மேனேஜர் என்று பெயர்.

தொட்டி வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், அவருக்குப் பிடித்தது எதுவோ அதன் எதிரே உட்காரவைத்துப் பேர் சொல்லப் பழக்குங்கள் என்றாராம். அக்கா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டார். நாலு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் காலை, அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் சொல் 'மேனேஜர்'. அதன் பிறகு ஒவ்வொன்றாக மற்றப் பெயர்களும் வந்தன. அக்கா பெயர் ஆறாவதாகத்தான் வந்ததாம். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த மேனேஜரைத்தான் யாரோ கடிக்கிறார்கள் என்று போன் வந்தது.

நான் போனேன். வலை தோளில். மேனேஜரின் துடுப்புகள் பழைய துடைப்பம்போல் பிய்ந்து கிடந்தன. மூலையில் தலையை நட்டுக்கொண்டு நின்றது. உட்காரச் சொன்னார் அக்கா. உட்காரவில்லை. டைகர் பார்ப் என்றாலே நீளத் துடுப்பைக் கொறிக்கிற ஜாதி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தேன். கூட்டத்தில் ஒரு தலைவன் இருப்பான், தலைவனைத் தூக்கினால் மற்றவை அடங்கிவிடும் என்றேன். போலீஸ்காரர்போல் இருந்தது எனக்கு. சுப்பையாவைப் பிடித்துப் பிளாஸ்டிக் பையில் பொட்டலமாகப் பொங்குஸ் கட்டினேன்.

அப்போது அண்ணன் இடது கையைத் தூக்கி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஐஸ் பெட்டியைக் காட்டினார். அக்கா ஓடிப்போய்க் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் வாயைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், தண்ணீர் கேட்கிறார், கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்கிறார் என்று அக்கா சொன்னார். நோயாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் ஒரு வைத்தியக் கருத்தைச் சொல்லி வைத்தேன். எனக்கு எதில்தான் கருத்து இல்லை.

நாலு நாளில் மறுபடி போன். இப்போது நிலைமை இன்னும் மோசம். சுப்பையா போன இடத்தில் நோர்மா உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் விரட்டுகிறாள். நான் மறுபடி போய், மறுபடி நின்றபடியே பார்த்து, நோர்மாவையும் அவளுக்குத் துணை போன குணாவையும் பிடித்தேன். பிள்ளைகளே, இதை நீங்கள் படித்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள்: டைகர் பார்ப் பெரிய கூட்டமாக இருக்கும்வரை தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளும். கூட்டத்தைக் குறைக்கக் குறைக்கத்தான் மற்ற மீன் பக்கம் திரும்பும். எனக்கும் இது தெரியும். வாடிக்கையாளருக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் கையில் வலை இருந்தது. வலை உள்ளவன் சும்மா திரும்பி வந்தால் அக்கா என்ன நினைப்பார்?

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பேசினார்.

"தம்பி, நீங்க சுப்பையாவ புடிச்சிட்டுப் போன மறுநாள் காலையில அவரு தொட்டி பூரா தேடுனாரு. ரெண்டு நாளு பேரு சொல்லிப் பாத்தாரு. அப்புறம் அந்தப் பேர சொல்றதே இல்ல. வாயிலயே வரல. இப்ப ரெண்டு பேர கொண்டு போறீங்க. செய்யறத செய்ங்க, நான் ஒன்னும் சொல்லல. ஆனா அந்த மேனேஜரு செத்துட்டா, அவரு மறுபடி ஊமையா ஆயிருவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு."

என் கையில் பை, பைக்குள் அந்த மனிதரின் இரண்டு சொற்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேனேஜருக்கு ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். அதைவிடக் கேவலம், மறுநாள் பக்கத்து ஊரான லூனாசிலிருந்து வந்த ஒரு வாத்தியாரம்மா வேகமாக ஓடுகிற டைகர் பார்ப் ஒன்று வேண்டும் என்று கேட்டார். புரட்டாசி எரிச்சலில் இருந்த நான், நோர்மாவைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை போனது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, உடனே வாருங்கள் என்றார் அக்கா. பதறி ஓடியதில் வலையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். தவுக்கேயின் புத்திமதி கடைசியில் மனதில் உறைத்து, ஞானம் வந்து வலையை விட்டுவிட்டுப் போனேன் என்று சொல்ல ஆசைதான். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். கூலிம் வந்து வேனின் பின்கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. திரும்பப் போய் எடுத்து வர நேரமில்லை.

வெறுங்கையோடு உள்ளே போனேன். ஹாலில் சாமி மேடையில் பெருமாள் படத்துக்குத் துளசி மாலை, நெய் விளக்கு. அண்ணன் நாற்காலியில் இருந்தார். பிடிக்க ஒன்றும் இல்லாததால் அவருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று தடவையில் முதல் தடவையாக அவர் பார்க்கிற இடத்திலிருந்து நானும் தொட்டியைப் பார்த்தேன்.

சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் கை துறுதுறு என்றது. மிச்சமிருந்த ஐந்து பார்ப்பும் கண்ணாடி ஓரம் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன. கல்லைக் கொத்தின, செடியைக் கொத்தின, ஒன்றையொன்று கொத்தின. வயிறு ஒட்டியிருந்தது. இதைக்கூட அதுவரை நான் கவனிக்கவில்லை, துடுப்பை மட்டும் பார்த்துத் துப்பறிந்துகொண்டிருந்தவன்.

மீனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று அக்கா வந்தார். கையில் ஒரு கிண்ணம். இட்லியை உதிர்த்து, வேகவைத்த கீரையைப் பொடியாக நறுக்கிக் கலந்திருந்தார். தொட்டியில் தூவினார். பார்ப் எல்லாம் மேலே பாய்ந்தன. வாயில் வாங்கின. துப்பின. மறுபடி வாங்கின, மறுபடி துப்பின. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி மேனேஜரின் துடுப்பைப் பார்த்துப் போயின.

அண்ணனின் இடது கை மேலே எழுந்தது. ஐஸ் பெட்டி. அக்கா வழக்கம்போல் தண்ணீர் எடுத்து வந்தார். அண்ணன் டம்ளரைத் தட்டிவிட்டார். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அக்கா கண் கலங்கித் துணியைத் தேடப் போனார். அண்ணன் கை மட்டும் இறங்கவில்லை.

நான் எழுந்துபோய் ஐஸ் பெட்டியின் மேல்கதவைத் திறந்தேன். துடைத்து வைத்தது போலச் சுத்தம். ஓர் ஓரத்தில் பட்டாணி, இன்னோர் ஓரத்தில் துருவிய தேங்காய். அங்கேதான் எப்போதும் என் கடையிலிருந்து வாங்கிய ரத்தப்புழு பாக்கெட்டுகள் இருக்கும். உறைய வைத்த சிவப்புக் கட்டிகள், மீன்களுக்குப் பிரியாணி மாதிரி.

"அக்கா, புழு பாக்கெட்டெல்லாம் எங்க?"

"புரட்டாசி பொறக்கறதுக்கு மொத நாளே தூக்கிப் போட்டுட்டேன். நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஞாபகம் வந்தது, நன்றாகவே வந்தது. மாதம் பிறப்பதற்கு முன்னால் அக்கா கடைக்கு வந்தார். கணவருக்காக வேண்டிக்கொண்டு இந்த வருஷம் கடும் விரதம், வீட்டுக்குள் எந்த உயிரும் உணவாக வரக்கூடாது, ஆனால் மீனுக்கு என்ன செய்வது என்று கேட்டார். உருண்டைத் தீனி டப்பாவைக் கையில் எடுத்து, இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றார். மீன் தூள், இறால் தூள் என்று படித்துச் சொன்னேன். டப்பாவை, கை சுட்டுவிட்டது போல், கீழே வைத்தார். கடையில் கூட்டம், எனக்கு அவசரம், அக்கா மனமும் நோகக்கூடாது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஒரு மாசம்தானே அக்கா. மீனும் நம்ம கூட சைவமா இருக்கட்டும், புண்ணியம்." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன். அந்த அக்கா அதை நிபுணரின் வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மூன்று வாரம் அரைப் பட்டினி. இரண்டு வாரச் சோயா மட்டனுக்கே மனைவியைக் கடிக்கப் போனவன் நான். அந்தப் பார்ப்புகள் துடுப்போடு நிறுத்தியது அவற்றின் பெருந்தன்மை.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அன்று நான் யோசிக்காமல் உளறிவிட்டேன், பசியில்தான் இவை கடிக்கின்றன, நான் பிடித்துக்கொண்டு போன மூன்றும் குற்றவாளிகள் இல்லை, மேனேஜருக்கும் இன்றே தீனி வேண்டும், இல்லாவிட்டால் தாங்காது. அக்கா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி பெருமாள் படத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். விரதம் அவருக்காக. மீனும் அவருக்காக. எதை விடுவார் அந்த மனுஷி? அப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் அவரை நிறுத்தியது என் வாய்.

அப்போது அண்ணன் பேசினார். பேர் பேராகத்தான் அதுவரை பேசியிருக்கிறார், இரண்டு சொல் சேர்ந்து வந்ததில்லை. உதடு ஒரு பக்கம் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"மேனேஜரு... சாப்பாடு."

அக்கா துணியைக் கீழே போட்டார். சாமி மேடைக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் தொங்கும் சின்னத் திரையை இழுத்து மூடினார். "பெருமாளுக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க வேன்ல இருக்கறத எடுத்துட்டு வாங்க" என்றார்.

வேனின் குளிர்பெட்டியில் நாலு பாக்கெட் இருந்தன. அக்கா கையால் தொடவில்லை, தொடவும் நான் விடவில்லை. புரட்டாசி முடியும்வரை தினமும் காலையில் பாடாங் செராயிலிருந்து நானே போய்த் தீனி போட்டேன். போடும்போது திரை மூடியிருக்கும், போட்டு முடித்துக் கை கழுவியதும் திறக்கும். முதல் நாள் அந்தச் சிவப்புக் கட்டி கரைந்ததும் பார்ப்புகள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறியது, பெருமாள் மன்னிக்கட்டும். பத்து நிமிஷத்தில் தொட்டி அடங்கியது. யாரும் யார் துடுப்பையும் பார்க்கவில்லை. மேனேஜர் இரண்டு புழு சாப்பிட்டது.

பிடித்துப் போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமே. சுப்பையாவும் குணாவும் கடையில் இருந்தார்கள். நோர்மாவுக்குப் பதில் அதே அளவில், அதே கோட்டில் இன்னொன்றை எடுத்துப் போனேன். எட்டு டைகர் பார்ப்பில் எது எது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்புதான். அண்ணன் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல" என்றார், தெளிவாக. புதுச் சொல் வந்துவிட்டதே என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நான் லூனாசுக்குப் போய், வாத்தியாரம்மா வீட்டு வாசலில் நின்று, நோர்மாவைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். நோர்மா யார் என்று அவர் கேட்டார். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று.

இவ்வளவுதான் பிள்ளைகளே என் மேதாவித்தனம். எதைப் பிடிக்க வேண்டும் என்று இனி எனக்கு வீடியோ அனுப்பாதீர்கள். போங்கள், வலையை வேனில் வையுங்கள், உட்காருங்கள். போன மாதம் இல்லாதது இந்த மாதம் அந்த வீட்டில் என்ன வந்தது, இருந்தது என்ன போனது என்று கேளுங்கள். உங்கள் கடையில் நீங்கள் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்பதையும் கேளுங்கள், அந்தக் கேள்விதான் லேசில் நாக்கில் வராது. நாள் முழுக்க அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரோ, அவர் கை எங்கே காட்டுகிறதோ அங்கே போய்த் திறந்து பாருங்கள். அவர் பேசமாட்டார் என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தது நான் செய்த தவறுகளிலேயே பெரிது.

தீபாவளி கழிந்து ஒருநாள் முறுக்கு டப்பாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். மேனேஜர், துடுப்பு பாதி வளர்ந்து, நடுத் தொட்டியில் பழையபடி ஒரு வேலையும் செய்யாமல் போய் வந்துகொண்டிருந்தது. எட்டுப் பேரும் ஷிப்ட்டில் இருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே. அவரை எப்படியாவது பேசவைத்து அக்காவிடம் நல்ல பேர் வாங்க வேண்டும்.

"அண்ணே, இப்ப சொல்லுங்க. மேனேஜரு துடுப்பக் கடிச்சது யாரு?"

சுப்பையா என்பார், நோர்மா என்பார் என்று காத்திருந்தேன். அவர் இடது கையைத் தூக்கினார். பழக்க தோஷத்தில் நான் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே காட்டவில்லை. மறுபடி திரும்பினேன். விரல் என் மூக்குக்கு நேரே நின்றது.